எடைக்குப் போக இருந்த கம்ப்யூட்டர் பிழைத்தது!
ஜெராக்ஸ் கடைக்காரரின் கணக்கைக் காப்பாற்றிய மெக்கானிக்

சென்னை, ரிச்சி தெரு:

பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த ஒரு கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் லினக்சால் உயிர் பிழைத்து, மறுபடியும் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து விட்டது!

அது எச்.பி. இசட்-420. 2012-ல் வந்த மாடல். கம்பெனிகளில் என்ஜினீயர்கள் வரைபடம் போட வாங்கிய "வொர்க்ஸ்டேஷன்". ஜியான் பிராசசர், கனத்த இரும்புக் கூடு. கம்பெனி கழித்துப் போட்டதும், செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வந்தது.

அதில் இருந்தது விண்டோஸ்-10. அதற்கான இலவசப் பாதுகாப்பு திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. ஓராண்டு தவணை கேட்டு வாங்க மட்டும் வழி இருந்தது.

தாழ்ப்பாள் கெட்ட கதவு

ஆதார் அட்டை, மார்க் ஷீட், பத்திரம் என்று ஊரார் காகிதமெல்லாம் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டருக்குள் போய் வருகிறது. திருத்தம் வராத கம்ப்யூட்டர் தாழ்ப்பாள் கெட்ட கதவு மாதிரி. திருடன் புகுந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் அல்ல.

விண்டோஸ்-11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். பிராசசரும் புதிதாக இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை.

2025 நவம்பரில் ஒரு நாள் சாயங்காலம், கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு வந்தார் கடைக்காரர்.

"புதுசு வாங்க முப்பதாயிரத்துக்கு எங்கப்பா போறது?" என்றார்.

"வாங்க வேணாம் அண்ணே. லினக்ஸ் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக்.

கடைக்காரர் பதறினார். "உள்ளே 6 வருஷத்து பாக்கிக் கணக்கு இருக்கு தம்பி!"

டிஸ்க் வெளியே வந்தது

பயம் நியாயமானதுதான். லினக்சை ஏற்றும்போது "டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?" என்று ஒரு கேள்வி வரும். படிக்காமல் "சரி" என்று தட்டினால், எல்லாம் போச்சு!

மெக்கானிக் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி, கழற்றிக் கடைக்காரர் கையிலேயே கொடுத்தார். புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினார். "இனி தப்பு நடந்தாலும் கணக்கு உங்க கையில."

டெபியன் என்ற லினக்ஸ் இருந்த பென் டிரைவைச் செருகி, எப்-9 பட்டனைத் தட்டினார். மெனு வந்தது. பிறகு... திரை இருண்டது!

கடைக்காரர் முகமும் இருண்டது.

மெக்கானிக் அசரவில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டுக்கும் லினக்ஸ் டிரைவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் இப்படி ஆகும். மறுபடி மெனுவுக்குப் போய் "இ" எழுத்தைத் தட்டி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியில் "நோமோட்செட்" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார். படம் வந்தது! வீடியோ எடிட்டிங்குக்கு இது போதாது. விண்ணப்பம் நிரப்பவும் ஜெராக்ஸ் எடுக்கவும் தாராளம்.

பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டியதும், 6 வருஷக் கணக்கும் அப்படியே திறந்தது.

நமக்குப் புதிதல்ல

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் வந்த "பாஸ்" லினக்ஸ், இதே டெபியனில் இருந்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான்.

மாற நினைப்பவர்கள் கவனிக்க:

* முதலில் பைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

* டெபியனின் "லைவ்" வகையை, இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டரை அப்போதே சோதியுங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்கள் மக்கர் செய்யும்.

* விண்டோசுக்கென்றே உள்ள கணக்கு சாப்ட்வேர், டி.டி.பி. சாப்ட்வேர் இதில் ஓடாமல் போகலாம். அதை நம்பித்தான் பிழைப்பு என்றால், கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மறுநாள் காலை கடை திறந்தது. முதல் ஆளாக வந்த பெண் மகளின் மார்க் ஷீட்டை நீட்டினார். பிரிண்ட் வந்தது. உள்ளே இருப்பது விண்டோசா, லினக்சா என்று அவர் கேட்கவே இல்லை!