காய்ந்த பின்பே அடுத்த வண்ணம்



ஊர்காவற்றுறையின் வேலியோரங்களில் பூவரசம்பூ காலையில் இளமஞ்சளாய் மலர்ந்து, மாலையாகும்போது செம்மை படர்ந்து வாடுவதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். முற்றத்துச் செவ்வரத்தையின் ஆயுளும் பெரும்பாலும் ஒரு பகலே. இத்தகைய மலர்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட முற்படும் ஓவியருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. மலர் ஒரு நாளில் வாடிவிடும். ஓவியமோ மாதக்கணக்கில் வளரும்.

ஏன் இத்தனை தாமதம்? நீர்வண்ணம் நீர் ஆவியானதும் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அவ்வாறன்று. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை மெல்ல உட்கொண்டு இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் செல்லும். உட்புறம் நன்கு இறுக மாதங்கள் ஆகும். ஆகவே ஓவியர் படைபடையாகத் தீட்டுகிறார். முதலில் துணிக்கு அடிப்பூச்சு இட்டு, மலர்களின் இடங்களைக் கோடுகளால் குறிக்கிறார். அடுத்து, மண்ணிற மென்பூச்சால் நிழலையும் ஒளியையும் பிரிக்கிறார். அது காய்ந்தபின் இலைகளும் இதழ்களின் அடிநிறமும் வருகின்றன. அதற்குமேல், அடிநிறம் ஊடே தெரியும்படி கண்ணாடி போன்ற மெல்லிய வண்ணம். இதழ் நுனியின் வெளிச்சமும் பனித்துளியின் மினுக்கமும் கடைசியிலேயே இடம்பெறும்.

இப்பணிக்கு ஒரு விதி உண்டு. கீழ்ப்படையில் எண்ணெய் குறைவாகவும் மேற்படையில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மெதுவாகக் காயும் தடித்த வண்ணத்தின்மேல் விரைவில் காயும் வண்ணத்தைப் பூசினால், மேற்பரப்பு முந்தி இறுகிவிடும்; கீழே உள்ளது பின்னர் அசையும்போது மேலே வெடிப்பு விழும். ஓவியம் முடிந்த அன்று அக்குறை எவர் கண்ணுக்கும் தெரியாது.

ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் கடற்கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களது ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டதை நாம் அறிவோம். அதே காலத்தில், ஒல்லாந்துக்குத் தெற்கே அன்ற்வேர்ப் நகரில் இயேசு சபை அருட்சகோதரர் ஒருவர் மலர்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் டானியேல் சேகர்ஸ் (1590–1661). 1614 இல் சபையில் சேர்ந்த அவர், மலர் ஓவியத்தில் புகழ்பெற்ற யான் புறூகலின் மாணவர். அன்ற்வேர்ப்பில் கிடைக்காத மலர்களை நேரில் பார்த்துத் தீட்டுவதற்காகப் பிரசல்ஸ் நகருக்குச் சென்றதாக 1606 இல் மிலான் பேராயர் கர்தினால் பெதெரிக்கோ பொரோமேயோவுக்கு எழுதியவர் அந்தப் புறூகல். சேகர்ஸின் பல ஓவியங்களில் நடுவிலுள்ள அன்னை மரியாளையோ ஆண்டவரையோ வேறோர் ஓவியர் தீட்டினார். சுற்றியுள்ள மலர்மாலை மட்டுமே அருட்சகோதரரின் கைவண்ணம். அதற்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்து ஓவியர் யான் வான் ஹைசும், இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள தம் மலர்ச்சாடி ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகளைப் பொறித்தார். மஞ்சள் ரோசா கிடைக்காததால் வேறோர் ஓவியம் நிறைவுறவில்லை என்று 1742 இல் அவர் எழுதினார். மலரைக் கற்பனையால் நிரப்பி ஓவியத்தை ஒப்படைத்திருக்கலாம். அவரோ அது பூக்கும் பருவத்துக்குக் காத்திருந்தார்.

அன்பர்களே, பூவரசு நிற்கும் அதே வேலியைச் சற்று நினைத்துப் பாருங்கள். போரினால் 1990களில் தீவகத்தைவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பின்னர் திரும்பி வந்தபோது, காடு மண்டிய காணிகளின் எல்லைகளைத் தேட வேண்டியிருந்தது. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்பதற்காக உடன்பிறந்தோர் பேச்சை நிறுத்திய வீடுகள் நம்மிடையே உண்டு. திருநாளன்று ஒரே ஆலயத்தில் திருப்பலி கண்டும், வெளியே வந்ததும் இரு பாதைகளில் நடப்போர் உண்டு.

பெரியவர்கள் கூடி ஒரே மாலையில் கைகோர்க்க வைத்து விருந்தும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறோம். மனத்தின் அடிப்படை காயாதிருக்கையில் மேலே பூசும் சமாதானம், அடுத்த காணி அளவையின்போது வெடிக்கிறது. மன்னிக்கும்படி ஆண்டவர் கேட்பதில் சலுகை ஏதும் இல்லை. ஆயினும் பேதுருவிடம் அவர் குறித்த எழுபது தடவை ஏழு என்னும் எண்ணிக்கை (மத் 18:22), மன்னிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை அல்ல என்பதையும் உணர்த்துகிறது.

ஆகவே இவ்வாரம் பெரிதாக எதையும் செய்ய வேண்டாம். அக்குடும்பத்தின் பெயரை உங்கள் வீட்டுச் செபமாலையில் சேர்த்துச் சொல்லுங்கள். வழியில் கண்டால் நலம் விசாரியுங்கள். காணியைப் பற்றிய பேச்சைப் பிறிதொரு நாளுக்கு விடுங்கள். அவ்வீட்டுப் பிள்ளை பூப்பறிக்க உங்கள் முற்றத்துக்கு வந்தால் படலையைத் திறந்துவிடுங்கள். முதற்படைக்கு இவ்வளவு எண்ணெய் போதும்.