பழைய போத்தலுக்கு நியாய விலை எது?

எமது மாதர் சங்கத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் விளாம்பழ ஜாமும் தேசிக்காய் ஊறுகாயும் செய்து விற்க எண்ணினார். சங்கத்தில் எடுத்த கடன் காசில் நூறு பழைய ஜாம் போத்தல்களை வாங்கினார். வாசலுக்கு வந்த போத்தல் வியாபாரி இரண்டு உரப்பைகளை இறக்கி வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் கிணற்றடியில் நாங்கள் இருவருமாக அவற்றைக் கழுவத் தொடங்கினோம். மத்தியானத்துக்குள் நாற்பது போத்தல்களை ஒதுக்க வேண்டியதாயிற்று. சிலவற்றின் வாய் விளிம்பு உடைந்திருந்தது. சிலவற்றில் மண்ணெண்ணெய் மணம் போகவேயில்லை.

"இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம் மிஸ்" என்றார் அவர். இருவரும் திண்ணையில் இருந்து கணக்குப் பார்த்தோம்.

கணக்கு இதுதான்

விளங்குவதற்காக எண்களைச் சுருக்கித் தருகிறேன். ஒரு பழைய போத்தல் 40 ரூபா எனில் நூறு போத்தலுக்கு 4000 ரூபா. கொண்டு வந்து இறக்கிய கூலி 600 ரூபா. சவர்க்காரத்துக்கும் விறகுக்கும் 200 ரூபா. பாவிக்கக்கூடிய அறுபது போத்தல்களுக்குப் புது மூடி, ஒன்று 20 ரூபாப்படி 1200 ரூபா. மொத்தம் 6000 ரூபா. அதை அறுபதால் பிரித்தால் ஒரு போத்தல் 100 ரூபா. மூடியுடன் புதுப்போத்தலும் கடையில் அதே 100 ரூபா என்றால், அவருக்கு மிஞ்சியது கழுவிய களைப்பு மட்டுமே.

நூற்றில் இருபது மட்டும் பழுதாகியிருந்தால்? மூடிச் செலவு 1600 ரூபா, மொத்தம் 6400 ரூபா. எண்பதால் பிரித்தால் ஒன்று 80 ரூபா. ஒவ்வொரு போத்தலிலும் 20 ரூபா மிச்சம். ஆகவே வியாபாரி சொல்லும் விலை முழு விலையன்று. கழுவி, மூடி போட்டு, அடுப்படியில் நிற்கும் போத்தலின் விலையே உண்மையான விலை. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உரப்பையோடு வாங்காதீர்கள். நிலத்தில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாய் விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். சிறு உடைவு இருந்தாலும் மூடி இறுகாது. கண்ணாடித் துகள் உணவில் விழவும் கூடும். வெயிலில் பிடித்துக் கீறலும் வெடிப்பும் உண்டா எனப் பாருங்கள். பிறகு மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, பெயின்ற் வைத்த போத்தல்களை இலவசமாகத் தந்தாலும் எடுக்கக்கூடாது. எவ்வளவு கழுவினாலும் அவை உணவுக்கு உதவா. என்ன இருந்ததென்று தெரியாத போத்தலையும் விட்டுவிடுங்கள். ஒரே அளவான வாயுள்ளவற்றைத் தெரிந்தெடுத்தால் மூடி வாங்குவது இலகு.

பழைய போத்தல், புது மூடி

பிரான்ஸ் நாட்டின் நிக்கொலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பேணும் முறையை 1810 இல் நூலாக வெளியிட்டார். அன்றும் இன்றும் இதற்கு அடிப்படை இரண்டு: போதிய சூடு, காற்றுப் புகாத மூடி. நல்ல கண்ணாடியைப் பலமுறை பாவிக்கலாம். உலோக மூடியின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய படை ஒருமுறை அழுந்தியபின் பழையபடி இறுகும் என்று நம்ப முடியாது, துருவும் பிடிக்கும். எனவே மூடியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெரிய பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, கழுவிய போத்தல்களை வைத்து, அவை மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்தபின் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பலவீனமான போத்தல் ஜாம் விடுமுன்னரே வெடித்துவிடும். சூடான ஜாமைச் சூடான போத்தலிலேயே விடவேண்டும். புளிப்பு, சீனி, உப்பு நிறைந்தவற்றோடு நின்றுகொள்ளுங்கள். மீன், இறைச்சி, மரக்கறி முதலியவற்றை வெறுமனே அவித்துப் போத்தலில் அடைத்து வைத்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலே உயிருக்கு ஆபத்தான நஞ்சு உருவாகக் கூடும்.

விற்பதானால் பழைய லேபலை முற்றாக நீக்குங்கள். தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். விற்பனைக்குச் செய்யும் உணவு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது.

விற்பவளும் ஒரு பெண்தான்

நியாய விலை வாங்குபவருக்கு மட்டும் உரியதல்ல. இதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். மீளக்குடியேறிய பின்னர் உதவித்திட்டம் ஒன்றில் கிடைத்த ஜாம் செய்யும் சாமான்களை அயற் கிராமத்துச் சகோதரி ஒருவர் விற்கப்போவதாக அறிந்து, எமது குழுவினரோடு சென்றேன். பெரிய சில்வர்ப் பாத்திரம், தராசு, வெப்பமானி, மூன்று பெட்டி போத்தல். மூடி கட்டிய சீனிப் பைக்கற் ஒன்றை வைத்துத் தராசைச் சோதித்தோம். வெப்பமானியைக் கொதிநீரில் பிடித்தோம். 100 பாகை காட்டியது. எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அவர் கேட்ட விலையில் பாதிதான் தரலாம் என்றேன்.

"சரி மிஸ், எடுங்கோ" என்றார் உடனே.

அவ்வளவு விரைவாகச் சம்மதித்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. எமது குழுவில் இருந்த அக்கா ஒருவர்தான் கேட்டார். மகனின் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகவேண்டும், கிழமை முடியுமுன் காசு தேவை என்றார் அவர். திரும்பும் வழியில் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அந்த அக்கா சொன்னார்: "நாங்களும் நகையை இப்பிடித்தானே வித்தனாங்கள்."

அன்று மாலையே கூடிப் பேசினோம். புதிதாக வாங்கினால் என்ன விலை, இன்னும் எத்தனை வருடம் பாவிக்கலாம், எது குறைபாடு என்று ஒவ்வொன்றாக எழுதினோம். அவர் முதலில் கேட்டதைவிடச் சற்றே குறைந்த தொகை வந்தது. பாதியை மறுநாளே கொடுத்தோம். மீதியை இரண்டு மாதத் தவணையில் கொடுத்து முடித்தோம். இரு தரப்பும் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு சங்கக் கோவையில் இருக்கிறது.

சகோதரிகளே, ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குங்கள். தெரிந்தெடுக்கவும் கூலியைப் பங்கிடவும் உதவும். பழுதானதை மாற்றித் தருவதாக வியாபாரியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பேரம் பேசுங்கள், அது எமது உரிமை. ஆனால் பேரம் பொருளின் குறையைப் பார்த்து இருக்கட்டும். எதிரே நிற்பவளின் அவசரத்தைப் பார்த்து வேண்டாம்.

நாற்பது போத்தல்களை இழந்த சகோதரி இப்போது போத்தல் வாங்கப் போகும்போது ஒரு சாக்கையும் கூடவே கொண்டு போகிறார், நிலத்தில் விரிப்பதற்கு.