மருத்துவர் எழுதியதும் மூக்கில் அமர்வதும்

கண் பரிசோதனை முடிந்து கைக்கு வரும் சீட்டில் சில எண்கள்தாம் இருக்கும். பவர் எவ்வளவு, சிலிண்டர் எவ்வளவு, ஆக்சிஸ் எத்தனை டிகிரி, படிப்பதற்கு இன்னும் எவ்வளவு கூட்ட வேண்டும். அந்த லென்ஸ் கண்ணிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கப்போகிறது, எவ்வளவு சாயப்போகிறது, அதன் மையம் கண்மணிக்கு நேரே விழுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்காது. அவற்றை முடிவு செய்பவர், கண்ணாடிக் கடையில் நமக்கு ஃப்ரேம் மாட்டிப் பார்க்கும் ஆப்டீஷியன். சீட்டு சரியாக இருந்தும் புதுக் கண்ணாடி தலைவலி கொடுக்கிறதென்றால், கோளாறு பல நேரம் இங்கேதான் இருக்கிறது. "போடப் போடப் பழகிடும்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நாமும் வீடு திரும்பிவிடுகிறோம்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு உரிமம் கேட்கும் மாநிலங்கள் பாதிக்கும் குறைவு. நியூயார்க், நியூ ஜெர்சி, ஃப்ளோரிடா ஆகியவை கேட்கின்றன. மற்ற பல மாநிலங்களில் ஒருவர் இன்று வேலைக்குச் சேர்ந்து நாளையே கண்ணாடி பொருத்தத் தொடங்கினாலும் சட்டம் தடுக்காது. அத்தகைய ஊர்களிலும், யாரும் கட்டாயப்படுத்தாத தேர்வை எழுதுகிற ஆப்டீஷியன்கள் இருக்கிறார்கள். முதல் படியோடு நிற்காமல் உயர்நிலைச் சான்றிதழ், அதற்கும் மேலே மாஸ்டர் என்று ஏறுகிறவர்களும் உண்டு. வாடிக்கையாளருக்கு அந்தப் பட்டங்களின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவற்றால் முதலில் பயன் பெறுவது அந்த வாடிக்கையாளரின் கண்தான்.

கண்ணாடி பொருத்துவோருக்கான தேர்வை நடத்துவது அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆப்டிஷியன்ரி, சுருக்கமாக ஏ.பி.ஓ. 1947-ல் தொடங்கிய அமைப்பு. கான்டாக்ட் லென்ஸுக்கென்று 1976-ல் தனியாக என்.சி.எல்.இ. என்ற அமைப்பு வந்தது. அடிப்படைத் தேர்வுக்குப் பள்ளி இறுதிப் படிப்பு போதும், வயது பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். உயர்நிலைத் தேர்வு, அடிப்படைச் சான்றிதழ் கையில் இருப்பவர்களுக்கு. மூன்றாவதான மாஸ்டர் பட்டத்துக்குக் கேள்வித்தாள் கிடையாது. கண்ணொளியியல் சார்ந்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுத்து ஏற்கச் செய்ய வேண்டும்.

இந்தத் தேர்வுகளுக்கான பாடத்தின் நடுவில் நிற்கும் விதி ஒரு கண்ணாடிக் கடைக்காரர் தந்தது. சார்லஸ் பிரென்டிஸ் நியூயார்க்கில் ஆப்டீஷியனின் மகனாகப் பிறந்தவர்; ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவில் பொறியியல் படித்துவிட்டு அதே தொழிலுக்கு வந்தவர். பிரிசத்தை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் பிரிசம் டையாப்டர் என்ற அலகை 1890-ல் முன்வைத்தவர் அவர். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கினால் அது ஒரு பிரிசம் டையாப்டர். கண்ணைச் சோதிக்கக் கட்டணம் வாங்க அவருக்கு என்ன உரிமை என்று அந்தக் காலக் கண் மருத்துவர்கள் அவரோடு மோதினார்கள். அந்தச் சண்டையிலிருந்து வளர்ந்த இயக்கம்தான் ஆப்டோமெட்ரியைத் தனித் தொழிலாக்கியது. 1901-ல் மினசோட்டா அதற்கு முதல் சட்டம் இயற்றியது. கண்ணைச் சோதிப்பவர்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் என்று பிரிந்து போனார்கள். கண்ணாடியைச் செய்து பொருத்துபவர்கள் ஆப்டீஷியன் என்ற பழைய பெயரிலேயே நின்றார்கள். பிரென்டிஸின் கணக்கு இருவருக்கும் சொந்தமாயிற்று.

கணக்கு என்னவோ ஒரு பெருக்கல்தான். லென்ஸின் மையத்தைவிட்டுக் கண் எத்தனை சென்டிமீட்டர் விலகிப் பார்க்கிறதோ, அதை லென்ஸின் பவரால் பெருக்கினால் அங்கே உண்டாகும் பிரிசம் கிடைக்கும். மைனஸ் 8 பவர் லென்ஸின் மையம் 3 மில்லிமீட்டர் தள்ளி வெட்டப்பட்டால் 2.4 பிரிசம். மைனஸ் 1 லென்ஸில் அதே பிழை 0.3 தான், அணிபவருக்கு உறைக்காமலே போகலாம். பவர் கூடியவரிடம் ஒரு மில்லிமீட்டருக்கும் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது இங்கே விளங்கும்.

இந்தப் பெருக்கலைத் தெரிந்துகொண்டால் அடிப்படைப் படிப்பு ஓடும். உயர்நிலைக்குப் போகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். ஒருவருக்கு வலக்கண் மைனஸ் 1, இடக்கண் மைனஸ் 5. நேராகப் பார்க்கும்போது தொல்லை இல்லை. பைஃபோகலில் படிப்பதற்காக மையத்துக்கு 10 மில்லிமீட்டர் கீழே பார்வையை இறக்குகிறார். வலப்பக்கம் 1 பிரிசம், இடப்பக்கம் 5. இரண்டு கண்ணுக்கும் இடையே மேல்கீழாக 4 பிரிசம் வேறுபாடு. பக்கவாட்டு வேறுபாட்டைக் கண்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேல்கீழ் வேறுபாட்டை மிகக் கொஞ்சமே தாங்கும். வரிகள் இரண்டாகத் தெரியும், அல்லது தலை வலிக்கும், அல்லது அவர் படிப்பதையே குறைத்துக்கொள்வார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வயதாகிவிட்டது, கண் முன்போல இல்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு புத்தகத்தை மூடிவைக்கும் எத்தனையோ பேரில் சிலருக்காவது, குறை கண்ணில் இல்லை.

தீர்வுகள் பல உண்டு. மைனஸ் அதிகமான லென்ஸின் கீழ்ப்பகுதியை மட்டும் தனியாகத் தேய்த்து எதிர்ப் பிரிசம் கொடுக்கும் 'ஸ்லாப் ஆஃப்' ஒன்று. லென்ஸின் குறுக்கே மெல்லிய கோடு தெரியும், அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். படிக்க மட்டும் தனிக் கண்ணாடி கொடுப்பது இன்னொன்று. கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் கான்டாக்ட் லென்ஸில் இந்தச் சிக்கல் அநேகமாக எழாது. இவருக்கு எது ஏற்றது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு நேரம் படிக்கிறார் என்று கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

எப்படித் தயாராவது? இந்தத் துறையில் பலரும் கையில் எடுக்கும் பாடநூல் கிளிஃபோர்ட் புரூக்ஸும் இர்வின் போரிஷும் எழுதிய 'சிஸ்டம் ஃபார் ஆப்தால்மிக் டிஸ்பென்சிங்'. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பதைவிட, கடைக்குத் திரும்பி வரும் கண்ணாடி ஒவ்வொன்றையும் பாடமாக்கிக்கொள்வதே நல்ல வழி என்பது என் கருத்து. லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்து மையத்தைக் குறியுங்கள். பவர் குறுக்குக்கோட்டைத் தாளில் வரைந்து இரண்டு அச்சிலும் பவரை எழுதுங்கள். முகத்தில் மாட்டிச் சாய்வையும் தூரத்தையும் அளந்து பாருங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்தால், அந்த அத்தியாயம் எதற்காக எழுதப்பட்டது என்று புரிந்திருக்கும். கால்குலேட்டர் இருந்தாலும் தொடக்கத்தில் கையாலேயே போடுவது நல்லது. விடை எந்த அளவில் வர வேண்டும் என்ற உணர்வு அப்படித்தான் வரும்.

மனப்பாடம் செய்தே தீர வேண்டியவையும் உண்டு. 6.50 பவர் வரை 0.13 டையாப்டர் வித்தியாசத்தை அமெரிக்கத் தரக்கட்டுப்பாடு பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் 2 சதவீதம். 5/8 அங்குல எஃகுக் குண்டு 50 அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலும் லென்ஸ் உடையக் கூடாது என்ற விதி 1972-ல் வந்தது.

நம்மவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. இந்தியாவில் ஆப்டோமெட்ரியில் இளநிலைப் பட்டம் பெற்று அமெரிக்காவில் குடியேறுபவர், அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி அங்கே கண் பரிசோதனை செய்துவிட முடியாது. அதற்கு அந்நாட்டின் ஓ.டி. என்ற ஆப்டோமெட்ரிப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஆப்டீஷியன் சான்றிதழ் ஒரு நல்ல வாசல். ஒளியியலை ஏற்கெனவே படித்திருப்பதால் உயர்நிலைத் தேர்வு அவர்களுக்கு எட்டாததல்ல. இதைத் தகுதிக் குறைவு என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. வேறு வேலை இது. பரிசோதிப்பவர் முடித்த இடத்தில் தொடங்கும் வேலை.

சம்பளம் கூடுமா என்றால், உறுதி சொல்ல முடியாது. எத்தனை ஃப்ரேம் விற்றாய் என்று மட்டும் கேட்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே ஸ்லாப் ஆஃப் கணக்குப் போட்டவருக்குப் பாராட்டு கிடைக்காது. ஆனாலும் இன்றைய லென்ஸ்கள் அந்த அறிவைக் கேட்கின்றன. முகத்தோடு வளைந்து ஒட்டும் கூலிங் கிளாஸில் பவர் போட்டுத் தரச் சொல்லி ஒருவர் வருகிறார். மைனஸ் 8, வளைவு 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் அப்படித் திரும்பி நின்றால், சீட்டில் இல்லாத அரை டையாப்டருக்கும் மேற்பட்ட சிலிண்டர் தானாக வந்து சேர்கிறது. பவரும் மைனஸ் 8.18 போல் வேலை செய்கிறது. ஆய்வகத்தின் மென்பொருள் இதையெல்லாம் கணக்கிட்டு, எதிர்த்திசையில் திருத்திய பவரில் லென்ஸைத் தேய்த்து அனுப்புகிறது. உறையின் மேல் இரண்டு பவர்கள் இருக்கும்: மருத்துவர் எழுதியது ஒன்று, திருத்தியது ஒன்று.

தேர்ச்சியற்றவர் லென்சோமீட்டரில் வைத்துப் பார்ப்பார். மருத்துவர் எழுதிய எண் வரவில்லை என்று நல்ல லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கு நேர்மாறாக, சாய்வையும் தூரத்தையும் வாடிக்கையாளரின் முகத்தில் அளக்காமல் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தால், எங்கும் இல்லாத ஒரு முகத்துக்கு மென்பொருள் துல்லியமாகத் திருத்திக் கொடுத்திருக்கும். ஆய்வகத்துக்கு அந்த முகம் தெரியாது. அளவுகோலோடு அதன் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆப்டீஷியன் ஒருவர்தான். சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும் என்று விதி இருப்பது, லென்ஸ்கள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான் பொருள்பெறுகிறது.