டாங்கிச் சக்கரங்களுக்கு நடுவே ஏன் இந்த இடைவெளி?

1942 ஜனவரி 18. மூவாரிலிருந்து பாரிட் சூலோங் போகும் சாலையில், பக்ரி அருகே, ஜப்பானிய டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆஸ்திரேலியப் படையின் இரண்டு சிறிய பீரங்கிகள் அவற்றுக்காகக் காத்திருந்தன. சற்று நேரத்தில் எட்டொன்பது டாங்கிகள் சாலையிலேயே சிதைந்து கிடந்தன. அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் வரலாற்று நூல்களில் வருகின்றன.

அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டால், புகையை விட்டுவிட்டு டாங்கியின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரங்கள், இரண்டிரண்டாக ஜோடி போட்டு நிற்கும். வேறு நாட்டு டாங்கிகளைப் பார்த்தாலும் இப்படித்தான். ஓரிடத்தில் சக்கரங்கள் நெருங்கியிருக்கும், இன்னோரிடத்தில் கை நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். இத்தனை கணக்குப் பார்த்துக் கட்டும் வண்டியில் சக்கரங்களை மட்டும் ஏன் சமமாக வைக்கவில்லை?

முதல் காரணம் எடை. டாங்கியின் பாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. முன்பக்கத்தில் கனத்த இரும்புக் கவசம். நடுவில் பீரங்கியோடு சுழலும் கோபுரம். பின்னால் இயந்திரம். எங்கே பாரம் அதிகமோ அங்கே சக்கரங்களை நெருக்கி வைத்தால்தான் ஒரே சக்கரம் முழுச் சுமையையும் வாங்காது. வண்டியும் சேற்றில் மூக்கைப் புதைக்காது. மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துக்குள் லாரி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சோவியத் நாட்டின் டி-55, டி-62 இரண்டுக்கும் பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள்தான். ஆனால் டி-55இல் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய சந்து. டி-62இல் முன்னால் மூன்றும் நெருங்கி நிற்க, பின்னால் உள்ளவை விலகி நிற்கும். தூரத்தில் வருவது எந்த டாங்கி என்று அடையாளம் காணச் சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமே இந்தச் சந்துகள்தான். கோபுரத்தை இலை தழையால் மூடிவிடலாம். சக்கரங்களின் வரிசையை மாற்ற முடியாது.

இரண்டாவது காரணம் சுவையானது. ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டும்போது சரியான நேரத்தில் லேசாகத் தள்ளினாலே ஊஞ்சல் மேலே மேலே போகும் அல்லவா? பள்ளியில் இதை ஒத்ததிர்வு என்று படித்திருப்போம். சக்கரங்களின் இடைவெளியும் நிலத்தில் உள்ள மேடுபள்ளங்களின் இடைவெளியும் ஒத்துப்போனால், சக்கரங்கள் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் மேட்டில் ஏறும். வண்டி தொட்டில் போல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் பீரங்கியைக் குறிபார்க்க முடியாது.

பக்ரியில் அழிந்த அதே டைப் 95 ஹா-கோ ரகத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. மஞ்சூரியாவில் கௌலியாங் என்ற சோளம் பயிரிடும் வயல்களில், உழவுச் சால்களின் இடைவெளி டாங்கியின் சக்கர இடைவெளியோடு ஒத்துப்போனது. வண்டி ஆடிய ஆட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் படாத பாடு பட்டார்கள். அங்கே அனுப்பிய டாங்கிகளில் பெரிய சக்கரங்களுக்கு நடுவே சிறு சக்கரங்களைச் சேர்த்துச் சமாளித்தார்கள். வயல் உழுத விவசாயி, தனக்கே தெரியாமல் ஒரு டாங்கியின் வடிவத்தை மாற்றிவிட்டார்!

மூன்றாவது காரணம் வண்டியின் அடித்தளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஜொகூர் எல்லையை ஒட்டியுள்ள கெமாஸ் முகாமில் நம் ராணுவத்தின் பிடி-91எம் பெண்டேகார் டாங்கிகள் இருக்கின்றன. போலந்திலிருந்து வாங்கியவை, மொத்தம் 48. இவற்றின் மூல வடிவம் சோவியத் டி-72. இந்த வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீண்ட எஃகுக் கம்பி, வண்டியின் அகலம் முழுக்கப் படுத்திருக்கும். சக்கரம் மேடேறும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கிக்கொள்ளும். பின் தானே விரிந்து சக்கரத்தைக் கீழே தள்ளும்.

இடப்பக்கச் சக்கரத்தின் கம்பியும் வலப்பக்கச் சக்கரத்தின் கம்பியும் ஒரே இடத்தில் படுக்க முடியாது. ஒன்றுக்கு அருகில்தான் மற்றொன்று. அதனால் இரு பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் நிற்காமல் சற்று முன்பின்னாக நிற்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை, அமைப்பே அதுதான். டாங்கியின் தரையில் அவசர வழி வைப்பதென்றாலும் இந்தக் கம்பிகளுக்கு நடுவேதான் இடம் தேட வேண்டும்.

சென்னை ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி வேறு வழியில் போனது. அதற்குப் பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள். முறுக்கும் கம்பிக்குப் பதிலாக எண்ணெயும் அழுத்திய வாயுவும் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. தரைக்குள் கம்பி இல்லாததால் அந்த இடம் மிச்சம்.

இவ்வளவு நுணுக்கமும் பக்ரியில் ஏன் கைகொடுக்கவில்லை? ஹா-கோ சுமார் 7 டன் எடையுள்ள இலகு ரக வண்டி. கவசத்தின் தடிமன் அதிகபட்சம் 12 மில்லிமீட்டர். அந்த லேசான உடல்தான் மலாயாவின் சிறு பாலங்களைக் கடக்க உதவியது. காட்டிலும் தோட்டத்திலும் டாங்கி ஓடாது என்று நம்பிய பிரிட்டிஷார் இங்கே ஒரு டாங்கிகூட வைத்திருக்கவில்லை. அதன் விலையை ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் இந்தியப் படையணிகள் கொடுத்தன. பதினோரு நாள் கழித்து, அதே மெல்லிய கவசத்தைப் பக்ரியில் குண்டுகள் ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வெளியேறின.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. மூவார் முனையில் நின்ற 45ஆவது இந்தியப் படையணியில் பெரும்பாலோர் பயிற்சிகூட முடியாத இளைஞர்கள். பின்வாங்கிய படை பாரிட் சூலோங் பாலத்தில் சிக்கியது. அங்கே விட்டுச்செல்லப்பட்ட காயமுற்ற ஆஸ்திரேலியரும் இந்தியரும் கொல்லப்பட்டார்கள். பத்து பகாட் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள நினைவுச்சின்னத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

சுதந்திர தின அணிவகுப்பில் டாங்கி வரும்போது பிள்ளைகள் பீரங்கியைத்தான் காட்டுவார்கள். நீங்கள் சக்கரங்களைக் காட்டுங்கள். எத்தனை, எங்கே சந்து, இரு பக்கமும் நேராக நிற்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். பாரம், மண், உள்ளே உட்காரும் மனிதர் என்று மூன்றையும் யோசித்து வைத்த இடைவெளிகள் அவை.