புது மேப் வந்தால் ஏன் இத்தனை ஆரவாரம்?

2010 மார்ச் 30 அன்று 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' வீடியோ கேமுக்கு 'ஸ்டிமுலஸ் பேக்கேஜ்' என்ற பெயரில் ஐந்து மல்டிபிளேயர் மேப்கள், அதாவது பலர் சேர்ந்து ஆடும் களங்கள், விற்பனைக்கு வந்தன. விலை 15 டாலர். ஐந்தில் இரண்டு முந்தைய கேமிலிருந்து எடுத்துப் போட்டவை. உள்ளபடியே புதியவை மூன்றுதான். கதையும் அதேதான், துப்பாக்கிகளும் அவையேதான். ஆனாலும் முதல் வாரத்திலேயே 25 லட்சம் பேர் வாங்கினார்கள். முழு கேமின் விலையில் கால் பங்கைக் கொடுத்து, ஓடவும் ஒளியவும் நாலு இடத்தை வாங்குவானேன் என்று விளையாடாதவர்கள் வியப்பார்கள். புதுமை மோகம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த விளக்கம் பாதி தூரம்கூட வராது. புது மேப்பில் ஆட்டக்காரர்கள் தேடுவது வேறொன்று: தேர்ந்தவரும் புதியவரும் ஒருசேரக் கற்றுக்குட்டிகளாக நிற்கும் அந்தச் சில நாள்களை.

இது புரிய, ஒரு மேப் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1999-ல் 'ஹாஃப் லைஃப்' கேமுக்கு ரசிகர்கள் செய்த மாற்று வடிவமாகத் தொடங்கியது 'கவுன்டர் ஸ்ட்ரைக்'. ஓர் அணி குறிப்பிட்ட இரண்டு இடங்களில் ஒன்றில் வெடிகுண்டு வைக்க வேண்டும். மற்ற அணி தடுக்க வேண்டும். 2001-ல் டேவ் ஜான்ஸ்டன் வடிவமைத்த 'டஸ்ட் 2' அதன் மிகப் பிரபலமான மேப். இரு அணிகளும் எத்தனை நொடியில் எதிர்ப்படும், யார் யாரை முதலில் பார்ப்பார்கள், எந்தக் கதவிடுக்கு வழியே சுடலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தச் சுவர்களும் சந்துகளும்தான். பல ஆண்டுகள் ஆடியவருக்கு, எந்த மூலையில் நின்று வானத்தின் எந்தப் புள்ளியைக் குறிவைத்துப் புகைக்குண்டு வீசினால் அது சுவரைத் தாண்டி எங்கே விழும் என்பதுகூட மனப்பாடம். இது கைவேகம் சார்ந்த திறமை அன்று. இடத்தைப் பற்றிய நினைவு. சொந்த ஊர் ஆடுகளத்தில் பந்து எங்கே திரும்பும் என்று அறிந்த சுழற்பந்து வீச்சாளருக்குக் கிடைக்கும் அனுகூலம் போன்றது. புது மேப் அந்த அனுகூலத்தை ஒரே நாளில் அழித்துவிடுகிறது.

தொழில்முறைப் போட்டிகளில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டிகளில் எந்த நேரத்திலும் ஏழு மேப்கள்தான் புழக்கத்தில் இருக்கும். ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் தங்களுக்கு ஒத்துவராத மேப்களை மாறி மாறி நீக்கும். மேப் அறிவு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு இந்த ஏற்பாடே சாட்சி. 2022 நவம்பரில் டஸ்ட் 2-ஐ எடுத்துவிட்டு, ரசிகர்கள் உருவாக்கிய 'அனுபிஸ்' மேப்பை அந்த ஏழில் சேர்த்தபோது, டஸ்ட் 2-க்கென்று அணிகள் சேர்த்து வைத்திருந்த வியூகங்கள் ஓரங்கட்டப்பட்டன. அனுபிஸில் பெரிய அணியும் சிறிய அணியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கின. சாதாரண ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் 'பப்ஜி' கேமின் முதல் மேப்பான 'எராங்கல்' 8 கிலோமீட்டர் நீளமும் 8 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. 2018-ல் வந்த 'சான்ஹோக்' நாலுக்கு நாலு. அதாவது பரப்பில் கால் பங்கு. இரண்டிலும் 100 பேர். நெரிசல் நான்கு மடங்கானதும், வீட்டுக்குள் பதுங்கிப் பொறுமையாகக் காத்திருந்து ஜெயித்தவர்களின் உத்தி செல்லவில்லை. மொபைலில் பப்ஜி ஆடத் தொடங்கி, 2020-ல் அது இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பின் 2021-ல் வந்த அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ-க்கு மாறிய தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு, எராங்கலின் போச்சின்கியில் குதிப்பதற்கும் சான்ஹோக்கில் குதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் பழைய மேப் திரும்பி வரும்போதும் கூட்டம் அள்ளுவது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 அக்டோபரில் 'ஃபோர்ட்நைட்' கேம் தன் முதல் மேப்பான தீவைக் கருந்துளைக்குள் விழச்செய்து, இரண்டு நாள் வெறும் கருந்திரையைக் காட்டிவிட்டுப் புதிய தீவைத் திறந்தது. 2023 நவம்பரில் அந்தப் பழைய தீவைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் ஆடினார்கள். அதுவரை அந்த கேம் காணாத எண்ணிக்கை. பழைய நினைவின் இழுப்பு இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நான்கு ஆண்டு இடைவெளியில் பழையவர்களின் நினைவு துருப்பிடித்திருந்தது. இடையில் சேர்ந்தவர்கள் அந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை. பழசாயினும் அது மறுபடி சமதளம் ஆகியிருந்தது. போதாததற்கு, பழையவர்கள் ஏங்கியதும் எல்லோரும் சேர்ந்து தடுமாறிக் கற்ற அந்தத் தொடக்க காலத்துக்காகத்தானே?

ஒரே மேப்பை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடும் கேம்களைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' போட்டிகள் இன்றும் ஒரே களத்தில்தான் நடக்கின்றன. ஆனால் அங்கே களம் நிற்க, அதில் ஆடும் பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 160-க்கும் மேற்பட்ட பாத்திரங்களின் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் அடிக்கடி திருத்தங்கள் வருகின்றன. பழைய அறிவு செல்லாமல் போவது அங்கே இன்னொரு வாசல் வழியாக நடக்கிறது. அதே வகையைச் சேர்ந்த 'டோட்டா 2' கூட 2023 ஏப்ரலில் தன் ஒற்றை மேப்பைச் சுமார் 40 சதவீதம் பெரிதாக்கியது. நெடுநாள் மனப்பாடம் செய்த களமும் ஒருநாள் கலைக்கப்பட வேண்டியிருக்கிறது.

எல்லாம் நிறுவனங்களின் வியாபாரத் தந்திரம் என்ற வாதமும் உண்டு. வியாபாரம் இருக்கிறது, ஆனால் மேப் விற்பனையின் வரலாறு அந்த வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. காசு கொடுத்து வாங்கியவர், வாங்காத நண்பரோடு அந்த மேப்பில் ஆட முடியாது. ஒவ்வொரு தொகுப்பும் ஆட்டக்காரர்களைக் கூறுபோட்டது. 2010-ல் 15 டாலர் வாங்கிய அதே கால் ஆஃப் டூட்டி, 2019-ல் 'மாடர்ன் வார்ஃபேர்' கேமில் புது மேப்களை இலவசமாகவே தந்தது. உடை, அலங்காரம், காசு கட்டி ஆடி ஆடிப் பரிசுகளைத் திறக்கும் 'பேட்டில் பாஸ்' ஆகியவை வருமானத்துக்கு வழியாயின. அலங்காரத்தைத் தனித்தனியாக விற்கலாம். மேப் அப்படியல்ல: எல்லோரும் சேர்ந்து கற்றால்தான் அதற்கு மதிப்பு.

ஆகவே புது மேப் அறிவிப்புக்கு எழும் ஆரவாரத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள வேண்டியதில்லை. தோற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு அது கிடைப்பதற்கரிய வாய்ப்பு. ஜெயித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அது நியாயமான சோதனை. மேப்களை இலவசமாகத் தரவும், கற்றுத் தேற ஆட்டக்காரர்களுக்குப் போதிய காலம் கொடுத்த பிறகே அடுத்ததைத் திறக்கவும் தெரிந்த நிறுவனங்கள்தான் இந்த ஆர்வத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவை.