வில்லுப்பாட்டுப் பதிவும் ஒலிநயக் கருவிகளும்

பாறசாலை, காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்கள் பழைய தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லை பிரிந்ததேயன்றிப் பாட்டு பிரியவில்லை. வில்லுப்பாட்டு இருபுறத்துக்கும் உரிய கலை. மலையாளச் சாயல் படிந்த அதன் தமிழில், அன்றாடப் பேச்சில் அருகிப்போன சொற்கள் பல இன்னும் வாழ்கின்றன. எனவே அதனைப் பதிவு செய்வோர் அச்சொற்களுக்கும் பொறுப்பாளர் ஆகின்றனர்.

இன்று ஒரு கணிப்பொறியும் இரண்டு மைக்குகளும் இருந்தால், வீட்டின் அறையிலேயே பாட்டைப் பதிந்து ஒலிக்கலவை செய்துவிடலாம். இதற்கு உதவும் மென்பொருள் கருவிகளே ‘பிளக்-இன்’ எனப்படுவன. முன்னாளில் முழக்கம் உண்டாக்க ஸ்டுடியோக்களில் தனியறை கட்டினர். 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம், பெரியதோர் எஃகுத் தகட்டை அதிரச் செய்து முழக்கம் தரும் கருவியை வெளியிட்டது. 1996-இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் வகுத்த வி.எஸ்.டி. முறையின் வழியே, இத்தகைய கருவிகள் கணிப்பொறிக்குள் மென்பொருளாகவே வந்து அமரலாயின. இன்று அவை எண்ணிறந்தன. எதைத் தேர்வது என்பதே மயக்கம்.

இதற்கு விதி ஒன்றுண்டு. கருவிப் பட்டியலைப் புரட்டுமுன், பதிவிலுள்ள குறையைச் செவியால் காண்க. குறை இல்லையேல் கருவியும் வேண்டா.

வில்லுப்பாட்டில் குடத்தின் முழக்கம் தாழ்ந்த சுருதியில் பரவிக் குரலின் அடிப்பகுதியை மூடுவதுண்டு. அங்கே ‘ஈக்வலைசர்’ கொண்டு குடத்தின் கீழ்ப்பகுதியைச் சிறிது தணித்தால் குரல் தானே வெளிப்படும். குரல் பதிவில் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை பெரும்பாலும் காற்றின் இரைச்சலும் மேடையின் அதிர்வுமே, அவற்றை வடித்துவிடலாம். மெய்யெழுத்துக்களின் தெளிவு பெரிதும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சார்ந்தது. வில்லின் மணியோசை அங்கே மிகுமானால் சொல் மங்கும்.

தலைமைப் பாடகர் கதை சொல்லுகையில் தாழ்ந்தும் பாட்டில் ஓங்கியும் ஒலிப்பார். இவ்வேற்றத்தாழ்வைக் குறைப்பது ‘கம்ப்ரஸர்’. அதனை நான்குக்கு ஒன்று என அமைத்தால், வரம்புக்கு மேல் 8 டெசிபல் ஏற வேண்டிய ஒலி 2 டெசிபலே ஏறும். அளவு மிஞ்சினால் பாட்டின் ஆவேசமும் உடன் அடங்கிவிடும்.

மூன்றாவது, முழக்கம் தரும் ‘ரிவெர்ப்’. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். திறந்த பந்தலில் பாடும் வில்லுப்பாட்டுக்குப் பெரிய மண்டபத்தின் முழக்கத்தை ஏற்றினால், ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமீது விழும். சிற்றறையின் குறுகிய முழக்கமே சாலும்.

கருவியின் பயனை எவ்வாறு மதிப்பது? சற்று ஓங்கிய ஒலி எதுவாயினும் செவிக்கு நல்லதாகவே தோன்றும். ஆதலின், கருவியை இட்டும் நீக்கியும் கேட்கும்போது ஒலியளவைச் சமமாக்கிக்கொண்டே ஒப்பிடல் வேண்டும். அப்போது வேறுபாடு தெரியாவிடின் அக்கருவியை விலக்கிவிடலாம்.

இம்மூன்று கருவிகளும் பெரும்பாலான பதிவு மென்பொருள்களுடனேயே வருகின்றன. முதலில் அவற்றைப் பழகித் தேர்தல் நன்று. பொருள் செலவிட வேண்டின் நல்ல மைக்குக்குச் செலவிடுக. மைக்கில் தெளிவாக விழாத சொல்லைக் கருவிகள் முழுதும் மீட்டுத் தருவதில்லை.

எக்கருவியும் ஏற்றாத மூலப்பதிவைத் தனியே ஈரிடங்களில் காத்து வைத்தல் இன்றியமையாதது. கலவையை நாளையும் மாற்றலாம். முதிய பாடகர் ஒருவர் மறைந்தபின் அவர் பாட்டை மீண்டும் பதிய இயலாது. பிற்காலத்து மாணவன் ஒருவன் அப்பதிவைக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஐயமின்றி எழுதிக்கொள்ள முடியுமாயின், கலவை செய்தவர் தம் கடமையைச் செவ்வனே செய்தவர் ஆவார்.