முதலில் வானம், பிறகு பெயர்

வானத்தை வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் வளைவு வளைவாக ஒரு மேகம். அன்றைக்கு வெளியே அப்படியொரு மேகமே இல்லாவிட்டாலும் படம் மாறாது. குழந்தை வரைவது பாடப் புத்தகத்திலும் கார்ட்டூனிலும் கண்ட வானத்தை. மேகங்களைச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ அழைத்துப் போவதுதான் நல்ல தொடக்கம்.

நம் பள்ளிகளில் மேக வகைகள் உயர்நிலை வகுப்புப் புவியியலில்தான் விரிவாக வருகின்றன. கீற்று, படை, திரள், கார்படை, கார்திரள் என்று நீளும் 10 பெயர்களை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையே இல்லை. இந்த வகைப்பாடு வெறும் கண்ணால் பார்த்து உருவானது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கண் இருக்கிறது.

1802 டிசம்பரில் லண்டனில் ஒரு சிறிய அறிவியல் மன்றத்தின் முன் மேகங்களைப் பற்றிப் பேசியவர் லூக் ஹோவர்ட். மருந்து தயாரிப்பது அவர் தொழில். வானம் பார்ப்பது சிறு வயதிலிருந்தே வந்த பழக்கம். கீற்று, திரள், படை என மூன்று அடிப்படை வடிவங்களையும், மழை பொழியும் மேகத்தையும் பிரித்து அவர் லத்தீனில் பெயரிட்டார். உலக வானிலை அமைப்பு இன்று கையாளும் 10 வகைகளும் அந்த அடித்தளத்தில் எழுந்தவையே. 1821, 1822 ஆண்டுகளில் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் மேகங்களை மட்டும் வரிசையாக வரைந்தார். பல ஓவியங்களின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் குறித்து வைத்தார். குழந்தையின் வரைபட நோட்டுக்கும் இதே முறை பொருந்தும். படத்தின் கீழே தேதியும் நேரமும் எழுதினால், ஒரு மாதத்தில் அது அந்தக் குழந்தையின் சொந்த வானிலைப் பதிவேடு ஆகிவிடும்.

பெயருக்கு முன்னால் கேள்விகள் வர வேண்டும். மேகம் உயரத்திலா, தாழ்வாகவா? துண்டு துண்டாகவா, வானம் முழுக்கப் பரவியா? வெள்ளையா, சாம்பலா? உயரத்தைக் கணிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் கையே அளவுகோல். வானிலைப் பார்வையாளர்களும் பயன்படுத்தும் முறை இது. கையை முழுதாக நீட்டி, தலைக்கு மேலே ஒழுங்காகப் பரவியிருக்கும் மேகத் துண்டுகளோடு விரலை ஒப்பிட வேண்டும். ஒரு துண்டு சுண்டு விரலுக்குள் மறைந்தால் அது மிக உயரத்தில் இருக்கும் கீற்றுத்திரள். அதைவிடப் பெரியது, ஆனால் மூன்று விரல் அகலத்தைத் தாண்டவில்லை என்றால் இடைப்பட்ட திரள். அதையும் தாண்டினால் தாழ்வான படைத்திரள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

மெல்லிய இழைகளாகத் தெரியும் கீற்று மேகம் முழுக்கப் பனித்துகள். நம் வெப்பமண்டலத்தில் அது சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல்தான் மிதக்கும். மே மாத உச்சி வெயிலிலும் தலைக்கு மேல் பனி இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். அந்த மறுப்பிலிருந்துதான் நல்ல உரையாடல் தொடங்கும். பிள்ளைகள் ‘ராக்கெட் புகை’ என்று கத்தும் வெள்ளைக் கோடும் இந்த இனம்தான். விமான எஞ்சினிலிருந்து வெளிவரும் நீராவி குளிரில் உறைந்து அப்படிக் கோடாகிறது.

கற்பிக்க மிகவும் தோதானது திரள் மேகம். ஏப்ரல், மே மாதங்களில் முற்பகலில் சிறு துண்டாகத் தோன்றும். அதன் அடிப்பாகம் தட்டையாக இருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம். மேலேறும் ஈரக் காற்று குளிர்ந்து துளியாக மாறத் தொடங்கும் உயரம் அது. பிற்பகலில் சில மேகங்கள் காலிபிளவர் மாதிரி மேல்நோக்கிப் பூத்து, 15 கிலோமீட்டரையும் தாண்டி வளர்ந்து, உச்சியில் தட்டையாகப் பரவும். அதுதான் கார்திரள், இடியும் மின்னலும் தருவது. தொலைவில் மின்னினால் வீட்டுக்குள் இருந்தபடியே நொடிகளை எண்ணச் சொல்லலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடி என்றால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே வெளியே நிற்கக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி.

“கறுப்பு மேகத்துக்குள் கறுப்புத் தண்ணியா இருக்கு?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்லை. மேகம் தடிமனாக இருப்பதால் சூரிய ஒளி அடிவரை வருவதில்லை. விமானத்திலிருந்து பார்த்தால் அதே மேகம் வெள்ளைதான். அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: மேகம் ஏன் கீழே விழவில்லை? 1 கிலோமீட்டர் நீள, அகல, உயரமுள்ள சாதாரணத் திரள் மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கும். அது முழுவதும் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து கிடப்பதால் மேலேறும் காற்றே தாங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 10 லட்சம் நுண்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி.

மேகம் உருவாவதை வீட்டிலேயே காட்டலாம். கண்ணாடி ஜாடியில் பெரியவர் ஒருவர் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஊதுபத்திப் புகையைச் சிறிது உள்ளே விட்டு, ஐஸ் கட்டி வைத்த தட்டால் ஜாடியின் வாயை மூட வேண்டும். சற்று நேரத்தில் உள்ளே வெண்மை படரும். நீராவி துளியாக ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். வானத்தில் தூசியும் கடல் உப்பும் செய்யும் வேலையை இங்கே புகை செய்கிறது.

படை மேகத்துக்கு ஊட்டி, கொடைக்கானல் பயணமே போதும். தரையைத் தொட்டுக்கொண்டு வரும் மூடுபனியும் மேகம்தான்; அதற்குள் குழந்தை நடந்தே போகலாம். வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுக்க விடாமல் தூறும் சாம்பல் வானம் கார்படை.

நம் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளும் செய்தியும் தினமும் வாசிக்கப்படுகின்றன. அதோடு ‘இன்றைய வானம்’ என்று ஒரு நிமிடம் சேர்க்கலாம். பிள்ளைகள் ஏற்கெனவே வானத்தின் கீழேதான் நிற்கிறார்கள். நிமிர்ந்து பார்த்து, கண்டதை ஒரு பிள்ளை சொல்லட்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை. தலைமை ஆசிரியர்கள் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம்.